பத்தாண்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் வேலையை விட்டு நிற்கும் பெண்ணுக்கு இரண்டு விதமான யோசனை கிடைக்கும். உடன் வேலை பார்த்தவர்கள், "பி.எஃப்., பென்ஷன் ரெண்டையும் சேர்த்து எடுத்துரு" என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள், "பென்ஷன் பணத்துல கை வைக்காதம்மா" என்பார்கள். இரண்டில் எதையும் எல்லோருக்குமான விதியாக ஏற்க முடியாது.

பி.எஃப். பங்கைப் பற்றி அதிகம் வாதிட வேண்டியதில்லை. 2024–25க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி கிடைத்தது. தொழிலாளியின் கைக்கு எட்டும் வேறு எந்தச் சேமிப்பும் எளிதில் இதைத் தராது. ஆனால் வீட்டில் இருபது சதவீதத்தைத் தாண்டும் வட்டியில் குழுக்கடன் ஓடிக்கொண்டிருந்தால், பி.எஃப்.பை எடுத்து அதை அடைப்பதே சரி.

சிக்கல் பென்ஷன் பங்கில்தான். 1995 நவம்பர் 16 முதல் நடப்பிலுள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், முதலாளி செலுத்தும் 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் பொது நிதிக்குப் போகிறது. பாஸ்புக்கில் அந்தத் தொகை தனிப் பத்தியில் தெரிந்தாலும், அவரவர் கணக்கில் வட்டியோடு வளர்வதில்லை. பத்தாண்டு பணி இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. மொத்தமாக எடுக்க வழியில்லை. நடைமுறையில் ஒன்பதரை ஆண்டே பத்தாகக் கணக்காகும். அதற்குக் குறைந்தால் ஃபார்ம் 10சி கொடுத்துப் பணமாக வாங்கலாம், அல்லது ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிப் பணிக்காலத்தைக் காப்பாற்றி வைக்கலாம்.

ஆறு ஆண்டு வேலை பார்த்து, 12,000 ரூபாய் சம்பளத்தில் விலகும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். எடுத்தால் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் கொஞ்சம் கூடுதலும் என்ற கணக்கில் 75,000 ரூபாய் அளவில் வரும். சர்டிஃபிகேட் வாங்கியவர், பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி மில்லுக்கு வந்து இன்னும் பதினைந்து ஆண்டு உழைக்கிறார். கடைசிச் சராசரிச் சம்பளம் 15,000. திட்டத்தின் சூத்திரப்படி வெறும் பதினைந்து ஆண்டுக்கு 15,000 × 15 ÷ 70, அதாவது மாதம் 3,214. பழைய ஆறும் சேர்ந்தால் இருபத்தொன்று. இருபதைத் தாண்டியதால் போனஸாக இரண்டு. இருபத்துமூன்றுக்கு 4,929. அந்த ஆறு ஆண்டு, மாதம் 1,700 ரூபாய்க்கு மேல் கூட்டித் தருகிறது. அவருக்குப் பின் கணவருக்கும் குடும்பப் பென்ஷன் உண்டு.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. அதே 75,000 ரூபாயைத் தபால் நிலையத்தில் பி.பி.எஃப். கணக்கில் போட்டு 7.1 சதவீதத்தில் முப்பது ஆண்டு தொடாமல் வைத்தால் ஆறு லட்சத்தை நெருங்கும். அதன் வட்டி மட்டுமே மாதம் 3,400ஐத் தாண்டும். காகிதக் கணக்கில் எடுப்பதுதான் வெல்கிறது. ஆனால் முப்பது ஆண்டு தொடாமல் வைக்கும் வசதி மில் தொழிலாளி வீட்டில் இல்லை. சீர், பிரசவம், ஆஸ்பத்திரி என்று அது கரையும். அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் செலவுகள் உண்மையானவை.

சர்டிஃபிகேட்டின் உண்மையான பலம் வேறு. குறைந்த கூலியில் உழைத்த பழைய ஆண்டுகளும் கடைசிச் சம்பளத்தில் மதிப்பிடப்படும் என்பதே அது. அந்த வாக்கை அரசே 2014 செப்டம்பரில் குலைத்தது. பென்ஷனுக்குக் கணக்கிடும் சம்பளத்தின் உச்சவரம்பை 6,500இலிருந்து 15,000 ஆக்கியபோது, அதற்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500தான் என்று பிரித்துவிட்டது. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தப் பகுப்பை ஏற்றது. அடுத்த முறை உச்சவரம்பு உயரும்போதும் இப்படிப் பிரிக்கலாம். ஆகவே என் கணக்கின் 4,929ஐ உறுதியான தொகையாக யாரும் எண்ண வேண்டாம்.

ஆகையால் என் தீர்ப்பைப் பணிக்காலமும் திரும்பி வரும் வாய்ப்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஏழு ஆண்டைத் தாண்டியவர் எடுக்கவே கூடாது. இன்னும் இரண்டரை ஆண்டு எந்த பி.எஃப். நிறுவனத்தில் உழைத்தாலும் ஆயுள் முழுவதற்கும் பென்ஷன் உறுதி. மூன்று நான்கு ஆண்டில் விலகி, கல்யாணமாகி நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயத்துக்கோ ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறிக்கோ போய், இனி பி.எஃப். வேலைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தவர் எடுத்துவிட வேண்டும். அவருக்கு சர்டிஃபிகேட்டால் மாதப் பென்ஷன் வராது. 58 வயதில் கேட்டாலும், விலகிய நாளின் சம்பளத்தை வைத்த அதே தொகைதான்.

இந்தப் பெண்ணைத்தான் 2025 அக்டோபர் 13 அன்று வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவு தண்டிக்கிறது. பென்ஷன் பங்கை எடுக்க இரண்டு மாதம் காத்திருந்தது போய், முப்பத்தாறு மாதம் என்கிறது. அவசரப்பட்டு எடுப்பவரைத் தடுத்து, பத்தாண்டை எட்ட வைக்கும் நோக்கம் நல்லதே. திரும்பி வர வேலை இருப்பவருக்கு அது உதவவும் கூடும். ஆனால் திரும்பாதவரின் பணம் மூன்று ஆண்டு வட்டியில்லாமல் கிடக்கிறது. காக்க வைப்பதானால் அந்த மூன்று ஆண்டுக்கும் பி.எஃப். வட்டியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இன்றைய வடிவில் அந்த விதி நியாயமற்றது.