வாயு தீர்ந்ததால்தான் விண்மீன்கள் குறைந்தனவா?

பிரபஞ்சத்தில் விண்மீன்கள் மிகுதியாகப் பிறந்த காலம் சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. இன்று பிறப்பது அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஏன் இந்தச் சரிவு? புணே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு ஆதித்ய சௌதுரி, நிசிம் கனேகர் குழுவினர் 2020இல் ‘நேச்சர்’ இதழில் சொன்ன பதில்: வாயு வரத்து போதவில்லை.

அதற்காக அவர்கள் பட்ட பாடு பெரிது. ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் ரேடியோ அலை அவ்வளவு தொலைவு கடந்து வருவதற்குள் மெலிந்து இரைச்சலில் மறைந்துவிடும். எந்த ஒரு கேலக்ஸியையும் தனியாகப் பிடிக்க முடியாது. எனவே, தொலைவு ஏற்கெனவே தெரிந்த 7,653 கேலக்ஸிகளின் சமிக்ஞைகளை ஒன்றாகக் குவித்துச் சராசரி எடுத்தார்கள். 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அவற்றில் இருந்த அணு ஹைட்ரஜன், அன்றைய வேகத்தில் செலவானால் 100 முதல் 200 கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது.

இந்த வாதம் வலுவானது. நம் பால்வெளியிலேயே மூலக்கூறு வாயு சுமார் 100 கோடி சூரிய நிறைதான்; ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரிய நிறை விண்மீன்களாக மாறுகிறது. வெளியிலிருந்து வரத்து இல்லாமல் இத்தனை காலம் ஓடியிருக்கவே முடியாது.

ஆனால் ‘வாயு இருந்தால் விண்மீன் பிறக்கும்’ என்று இதை நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அணு ஹைட்ரஜன் நேரடியாக விண்மீன் ஆவதில்லை. அது முதலில் குளிர்ந்து, அடர்ந்து, மூலக்கூறு மேகமாக வேண்டும். பால்வெளியின் மையப் பகுதியைப் பாருங்கள். கோடிக்கணக்கான சூரிய நிறை அடர்ந்த வாயு அங்கே கிடக்கிறது. அந்த அடர்த்திக்கு எதிர்பார்க்கும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு விண்மீன்களே பிறக்கின்றன. கடும் கொந்தளிப்பு மேகங்களைச் சரியவிடாமல் தடுக்கிறது என்பது முக்கியமான விளக்கம். கன்னிக் கொத்தின் எம்87 கேலக்ஸியிலோ வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது ஒரு கோடி டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது. மையக் கருந்துளையின் தாரைகள் அதைக் குளிரவிடுவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. யுகம் யுகமாக நடந்த சரிவுக்கு வரத்துக் குறைவே முதன்மைக் காரணம். அதில் ஜிஎம்ஆர்டி குழுவின் பக்கமே நிற்கிறேன். தனியொரு கேலக்ஸி ஏன் அடங்கிப்போனது என்று கேட்டால் இந்தச் சராசரி பதில் தராது. அவர்கள் குவித்தவை விண்மீன்களைச் சுறுசுறுப்பாகப் பெற்றுக்கொண்டிருந்த நீலக் கேலக்ஸிகள். எம்87 போன்றவற்றுக்கும் அதே முடிவைப் பொருத்துவது, அந்த ஆய்வு அளக்காததை அளந்ததாகச் சொல்வதாகும்.