ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

எழுதித் தருபவை, செயலி செய்து தருபவை, பாட்டு அமைத்துத் தருபவை என ஆக்கமுறை செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று பலவகைப்படும். இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு வேகமும் விலையுமே பெரும்பாலும் விடையாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் ஒரு மாணவருக்கு அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கருவி தவறு செய்தால் அது நம் கண்ணில் படுமா?

உரையாடல் கருவிகள்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. கூகுளின் பார்ட் 2024 பிப்ரவரியில் ஜெமினி எனப் பெயர் மாறியது. அதே ஆண்டு ஜூனில் அதன் கைப்பேசிச் செயலி தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளுடன் இந்தியாவுக்கு வந்தது. ஆந்த்ரோபிக்கின் கிளாட் இவ்வகையில் மற்றொன்று. பயிற்சியில் கண்ட உரைகளின் அடிப்படையில் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிப்பதே இவற்றின் அடிப்படை வேலை. எனவே உண்மையான வாக்கியமும் பொய்யான வாக்கியமும் ஒரே சரளத்துடன் வரும்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். இவ்வூர் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், பின்னர் பெரம்பலூர் மாவட்டத்திலும் இருந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. ஊர் அங்கேயே இருக்க, மாவட்டம் நான்கு முறை மாறியது. அந்தந்தக் காலத்து நூல்களும் அந்தந்த மாவட்டத்தையே சொல்லும். அவற்றைக் கலந்து கற்ற கருவி எந்தக் காலத்து விடையையும் தரலாம். இங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவராக வணங்கப்படுவது கம்பம். பெருமாள் கோயில் என்றதும் வழக்கமான சிலை வருணனையைக் கருவி எழுதிவிட்டால், உள்ளூர்க்காரர் உடனே கண்டுபிடிப்பார். வெளியூர் மாணவரோ அதை அப்படியே கட்டுரையில் சேர்த்துவிடுவார்.

செயலி உருவாக்கும் கருவிகள்

லவபிள், ரெப்ளிட் போன்றவை, வேண்டியதைச் சொன்னால் நிரலை எழுதித் தருகின்றன. ஊர்த் திருவிழா வசூலைப் பதிவு செய்யும் செயலியை நிரல் அறியாதவரும் உருவாக்கலாம். கூட்டுத்தொகை தவறினாலோ பொத்தான் இயங்காவிட்டாலோ உடனே தெரிந்துவிடும். அவ்வகையில் இவை உரையாடல் கருவிகளைவிட நேர்மையானவை.

ஆனால் நன்கொடையாளர்களின் கைப்பேசி எண்களைப் பிறர் பார்க்க முடியுமா என்பது திரையில் தெரியாது. லவபிளில் உருவான பல செயலிகளில் தரவுத்தள அணுகல் விதிகள் சரியாக இல்லை என்பது 2025-இல் வெளிப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தும் ரெப்ளிட்டின் முகவர் ஒரு பயனரின் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரினார்.

இசைக் கருவிகள்

சுனோ, யூடியோ ஆகியவை பாடல் வரியும் பாணியும் கொடுத்தால் குரலுடன் பாட்டைத் தருகின்றன. லகர, ளகர, ழகரப் பிழைகளைத் தமிழ்க் காது பிடித்துவிடும். அந்தப் பாட்டு யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதைக் காதால் அறிய முடியாது. 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் இவ்விரண்டின் மீதும் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது இதனால்தான்.

மறைந்த பாடகரின் குரலை மீட்டுருவாக்குவது வேறு நுட்பம் என்றாலும் சிக்கல் இதுவே. 2024-இல் வெளியான 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலில் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் பயன்படுத்தினார், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்திலோ எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக அவர் குடும்பத்தார் சட்ட அறிவிக்கை அனுப்பினர். நுட்பம் ஒன்றே, அனுமதிதான் வேறுபாடு.

மதிப்பீடு

மூன்று வகையிலும் வெளிப்படையான பிழை சிறிது, மறைந்திருக்கும் பிழை பெரிது. எனவே உரையாடல் கருவியை நமக்குத் தெரிந்த பொருளில் முதலில் சோதிக்க வேண்டும். சொந்த ஊரைப் பற்றிக் கேட்பதே எளிய தேர்வு. செயலி உருவாக்கியிடம் பிறருடைய தகவல்களை ஒப்படைக்கும் முன், நிரல் அறிந்தவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். இசைக் கருவியின் பாட்டை வெளியிடும் முன் அதன் உரிம விதிகளைப் படிக்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாத இடத்தில், எவ்வளவு சிறந்த கருவியும் அந்த வேலைக்கு ஏற்றதன்று.