கண் கொடுத்தவர்கள்

ஒரு காலத்தில் நம் ஊர்ச் சினிமாக் கொட்டகைகளில் பெரிய படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் படம் காட்டுவார்கள். 1948ல் ஏற்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் என்ற சர்க்கார் ஸ்தாபனம் எடுத்த படம் அது. ஓர் அணைக்கட்டு வரும், ஒரு கைத்தறி வரும், கம்பீரமான குரல் ஒன்று புள்ளி விவரம் சொல்லும். ஜனங்கள் அந்தப் பத்து நிமிஷத்தை முறுக்கு வாங்கவும், தூணுக்குப் பின்னாலிருந்து நல்ல இடத்துக்கு மாறி உட்காரவும் பயன்படுத்திக்கொண்டார்கள். டாகுமெண்டரி என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அதுதான். இருப்பதை இருக்கிறபடி எடுத்துக் காட்டுகிற காரியம். இதைப் போய் ஒருவரிடம் சிஷ்யனாக இருந்து கற்றுக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி நமக்கு எழுந்ததே இல்லை.

எனக்கு என்னவோ, சினிமாவில் குரு மிகவும் அவசியமாக இருப்பது இந்த ஒரு வகைக்குத்தான் என்று தோன்றுகிறது. கதைப் படம் எடுக்கிறவனைத் தாங்கிப் பிடிக்கக் கதை இருக்கிறது, நடிகர்கள் இருக்கிறார்கள், பாட்டு இருக்கிறது. டாகுமெண்டரி எடுக்கிறவன் ஒரு தெருவின் முன்னாலோ, ஒரு குயவனின் முன்னாலோ வெறுங்கையோடு நிற்கிறான். அவனிடம் இருப்பது பார்வை ஒன்றுதான். காமிராவைத் திருகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். பார்ப்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அதைக் கற்றுக்கொண்ட ஓர் இளைஞரையும், கற்றுக்கொண்டு அவர் எடுத்த ஒரு படத்தையும் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். இளைஞர் பெயர் பேஸில் ரைட். படம் 'ஸாங் ஆப் சிலோன்' (1934). இலங்கையைப் பற்றிய படமாதலால் நமக்கு அதில் கொஞ்சம் பாத்தியதையும் உண்டு.

ரைட்டுக்கு இரண்டு குருமார்கள். முதலாமவர் ராபர்ட் பிளாஹர்டி. அவருக்கே குரு என்று யாரும் கிடையாது. கனடாவின் வடகோடியில் கனிமம் தேடிப் போன மனிதர். 1913ல் ஒரு காமிராவை வாங்கிக்கொண்டு, ராசெஸ்டர் நகரில் மூன்று வாரம் பாடம் கேட்டுவிட்டு, பனிப்பாலைவனத்துக்குப் போய்ப் படம் பிடித்தார். 1916ல் அவருடைய சிகரெட் நெருப்பு பட்டு நெகடிவ் முழுவதும் எரிந்து போயிற்று. ஒரு பிரதி மட்டும் மிஞ்சியது. அதைப் போட்டுப் பார்த்தவர், எரிந்ததற்காக அதிகம் வருத்தப்படவில்லை. காட்சிக்குப் பின் காட்சியாக இருந்ததே தவிர, அதில் மனிதர் யாரும் இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. 1920ல் மறுபடியும் போனார். இந்தத் தடவை படச்சுருளை அங்கேயே கழுவி, அப்போது எஸ்கிமோக்கள் என்று சொல்லப்பட்ட இன்யூட் மக்களுக்கே போட்டுக் காட்டினார். தாங்கள் செய்வது இன்னதென்று திரையில் பார்த்த பிறகு, அவர்களே அடுத்த காட்சிக்கு யோசனை சொன்னார்கள். அப்படி உண்டானதுதான் 1922ல் வெளிவந்த 'நானூக் ஆப் தி நார்த்'. பிளாஹர்டிக்கு யாராவது பாடம் சொன்னார்கள் என்றால் அவர் படம் பிடித்த ஜனங்கள்தாம்.

இரண்டாவது குரு ஜான் கிரியர்ஸன். ஸ்காத்லாந்துக்காரர். 1926ல் பிளாஹர்டியின் இன்னொரு படத்தைப் பற்றி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதியபோது, 'டாகுமெண்டரி' என்ற சொல்லைச் சினிமாவோடு சேர்த்தவர். தாமாக அவர் டைரக்ட் செய்து பெயர் வாங்கிய படம், ஹெரிங் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றிய 'டிரிப்டர்ஸ்' (1929) ஒன்றுதான். பிறகு அவர் படம் எடுப்பதை விட்டுவிட்டுப் படம் எடுக்கிறவர்களை உண்டாக்க ஆரம்பித்தார். லண்டனில் எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற சர்க்கார் இலாகாவில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, படிப்பு முடித்து வந்த பையன்களைச் சொற்பச் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டார். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ரைட் அவர்களில் ஒருவர். கிரியர்ஸன் கண்டிப்பானவர். அழகாயிருக்கிறது என்று யாராவது தம் படத்தைப் பற்றிச் சொன்னால், அது எதற்கு என்று கேட்கிற ஆசாமி.

அந்தக் கண்டிப்புக்காரர் 1931ல் ஒரு நல்ல காரியம் செய்தார். தமக்கு இல்லாத ஒன்று பிளாஹர்டியிடம் இருக்கிறது என்று தெரிந்து, அவரை வரவழைத்துத் தம் பையன்களோடு சேர்த்து வேலை செய்ய விட்டார். 'இண்டஸ்டிரியல் பிரிட்டன்' என்ற படம். பிளாஹர்டி படச்சுருளைத் தண்ணீராகச் செலவழித்தார். பணம் தீர்ந்து போயிற்று. மிச்சத்தை மற்றவர்கள்தாம் முடித்தார்கள். சிக்கனக் கணக்குப் பார்த்தால் நஷ்டந்தான். ஆனால் அந்தப் படத்தில் ஒரு குயவன் வருகிறான். சக்கரத்தில் மண் எழும்புகிறது. கை மேலே போகப் போகிறது என்பது காமிராவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிட்டதுபோல் அது மெள்ள நகருகிறது. குயவனை எத்தனையோ நாழிகை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் அது வரும். அந்தச் சும்மா இருத்தலைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் பையன்களுக்குக் கிடைத்த பாடம். நம் சங்கீத வித்வான்கள் குருகுல வாசத்தைப் பற்றிச் சொல்லும்போதும் இதையேதான் சொல்வார்கள். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததைவிட, வாத்தியார் விடியற்காலையில் தமக்காகப் பாடிக்கொண்டதைக் கேட்டுக் கற்றதுதான் அதிகம் என்பார்கள்.

1934ன் ஆரம்பத்தில் ரைட் இலங்கைக்குப் போனார். சிலோன் தேயிலைப் பிரசார போர்டு பணம் கொடுத்தது. நாலு சிறு படங்கள் வேண்டும் என்பது உத்தரவு. அவர் நாலு பகுதியுள்ள ஒரே படமாக, ஏறக்குறைய நாற்பது நிமிஷத்துக்குச் செய்துவிட்டார். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிறவர்கள் படியேறுகிறார்கள். மணி ஒலிக்கிறது. ஒரு பறவை கிளம்பிப் பறக்கிறது. மணியோசையும் பறவையும் சேர்ந்து தீவு முழுவதும் பரவுவது போலிருக்கிறது. இரண்டாம் பகுதியில் கிராமம்: நெல், வலை, மண்பாண்டம், நடனம் கற்கும் குழந்தைகள். ஒரு சிஷ்யன் எடுத்த படத்தில் வேறு சிஷ்யர்கள் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த இடம் என்னை மிகவும் கவர்ந்தது. அவசரப்படாத அந்தக் காமிராவில் பிளாஹர்டி இருக்கிறார்.

மூன்றாம் பகுதியில் கிரியர்ஸனின் பள்ளிக்கூடம் தெரிகிறது. 'வியாபாரத்தின் குரல்கள்' என்று அதற்குப் பெயர். திரையில் யானை மரத்தைச் சாய்க்கிறது, ஒருவன் தென்னையில் ஏறுகிறான். காதில் விழுவதோ லண்டன் மார்க்கெட்டின் விலை நிலவரமும், ஆபீஸ் கடிதங்களின் சம்பிரதாய வாசகங்களும். கண் ஒன்றைப் பார்க்கிறது, காது வேறொன்றைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே நமக்கு ஒரு விஷயம் புரிகிறது. படத்தின் ஒலி முழுவதும் லண்டனில் சேர்க்கப்பட்டது. சங்கீதம் அமைத்தவர் வால்டர் லே. ஒலியை இப்படியெல்லாம் கையாளலாம் என்று அந்தக் குழுவுக்குச் சொல்லித்தந்த ஆல்பர்ட்டோ கவல்கான்டி 1934ல்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தார். தேயிலை விளம்பரத்துக்கென்று வந்த பணத்தில், வியாபாரத்தையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிற ஒரு பகுதியைச் செய்துவிட்டது சாமர்த்தியந்தான். 1935ல் பிரஸ்ஸல்ஸ் விழாவில் படத்துக்குப் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் அது பழசாகவில்லை.

இவ்வளவு நன்றாக இருக்கிற படத்தில் எனக்கு ஒரு குறை. சின்னக் குறை அல்ல.

இலங்கைத் தேயிலையை அந்த 1934ல் பறித்தவர்கள் யார்? திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து மண்டபம் வழியாகக் கப்பலேறிப் போனவர்களும் அவர்களுடைய மக்களும். லட்சக்கணக்கானவர்கள். படத்தில் உழைப்புக் காட்டப்படுகிறது. உழைக்கிறவர் எங்கிருந்து வந்தவர், எந்த லயத்தில் படுக்கிறார், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று படம் கேட்கவில்லை. சிங்களக் கிராமத்துக்கும், பௌத்த ஆலயத்துக்கும், பொலன்னறுவைச் சிலைகளுக்கும் அது கொடுக்கிற பொறுமையில் நூறில் ஒரு பங்கு தோட்டத்து மனிதருக்குக் கிடைக்கவில்லை. சிவனொளிபாதம் என்று நாம் சொல்லும் மலைகூட அங்கே பௌத்த மலையாகத்தான் இருக்கிறது. படம் முழுவதும் நமக்குக் கேட்கிற குரல், தீவில் சுமார் இருபது வருஷம் சிறையிருந்து 1681ல் புத்தகம் எழுதிய ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயனின் வாசகம். அதைப் படிப்பவர் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட். தீவின் ஜனங்கள் யாரும் தங்கள் வாயால் தங்கள் கதையைச் சொல்வதில்லை.

பணம் கொடுத்தவர்கள்மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம். ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால் முழுக் காரணம் அதுவல்ல என்று நினைக்கிறேன். பிளாஹர்டிக்குப் பழமையில் தீராத மோகம். துப்பாக்கி வைத்திருந்த நானூக்கின் கூட்டத்தாரை ஈட்டியால் வேட்டையாடச் சொன்னவர் அவர். அயர்லாந்துக்குப் பக்கத்துத் தீவில் 'மேன் ஆப் ஆரன்' (1934) எடுத்தபோது, அங்கே எப்போதோ நின்று போயிருந்த சுறா வேட்டையைத் தீவுக்காரர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்துப் படம் பிடித்தார். வேரோடு ஓரிடத்தில் நிற்கிற மனிதன் அவர் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தான். பிழைப்புக்காக வேர் பிடுங்கப்பட்டு, மூட்டையோடு வந்து லயத்தில் குடியிருக்கிறவனிடம் அந்த அழகு ஏது? குருவிடமிருந்து பார்வையை வாங்கிக்கொண்ட சிஷ்யர், குருவுக்குத் தெரியாத இடத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிட்டார்.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு அதே பள்ளிக்கூடத்தில் சாட்சி இருக்கிறது. மறு வருஷமே, 1935ல், அந்தக் குழுவில் பயின்ற எட்கார் ஆன்ஸ்டியும் ஆர்தர் எல்டனும் 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' என்ற படத்தை எடுத்தார்கள். பணம் காஸ் கம்பெனிகளுடையது. லண்டனின் ஏழைக் குடியிருப்புக்குள் காமிராவையும் கனமான ஒலிப்பதிவுக் கருவிகளையும் கொண்டு போய் வைத்து, அங்கே குடியிருக்கிறவர்களையே எலியையும் பூச்சியையும் ஒழுகலையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பார்க்க அழகான படம் அல்ல. ரைட்டின் கலை அதில் இல்லை. ஆனால் அந்த ஜனங்களின் குரல் இருக்கிறது. அந்தக் கருவிகளை மலைமேல் தூக்கிப் போயிருக்க முடியாது என்பது வாஸ்தவம். கேட்க வேண்டும் என்ற எண்ணத்தையாவது கொண்டு போயிருக்கலாம்.

அதே 1935ல் புதுமைப்பித்தன் 'மணிக்கொடி'யில் 'துன்பக் கேணி'யை எழுதினார் என்பதைக் கதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காமிரா பார்க்காத அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரி தமிழ்க் கதையில் வந்துவிட்டாள். கதை என்பது கற்பனை, டாகுமெண்டரி என்பது உண்மை என்று அலமாரியில் பிரித்து அடுக்குகிறோம். இலங்கையின் தேயிலையைப் பற்றிய உண்மை அந்த இரண்டு வருஷங்களில் எந்த அலமாரியில் இருந்தது? படம் வந்து பதினான்கு வருஷத்துக்குப் பின், 1948ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஜனங்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. ஒரு படத்தினால் சட்டம் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தேசத்தின் அழகான சித்திரத்திலிருந்து சிலரை விட்டுவிடுவது எவ்வளவு சகஜமான காரியம் என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது தெரிகிறது.

இதனால் குருவே வேண்டாம் என்று ஆகிவிடாது. இலங்கையிலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. 1948ல் அங்கே சர்க்கார் திரைப்படப் பிரிவு ஏற்பட்டது. பிரிட்டிஷ் டாகுமெண்டரி இயக்கத்தில் ஊறிய ரால்ப் கீன் அங்கே வந்தார். லண்டனில் பத்திரிகைக்காரராக இருந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1952ல் ஊர் திரும்பி அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது சிங்களப் படங்கள் பெரும்பாலும் நம் தென்னிந்திய ஸ்டூடியோக்களில், நம் படங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. பீரிஸ் சில டாகுமெண்டரிகள் செய்து கை தேர்ந்ததும், அங்கிருந்த காமிராக்காரரையும் எடிட்டரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்து வெயிலில் 1956ல் 'ரேகாவ' எடுத்தார். சிங்கள சினிமாவுக்கு அன்றுதான் சொந்த முகம் வந்தது. கற்ற வித்தையைக் குரு போகாத இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர் அவர்.

இப்போது காமிரா எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. ராசெஸ்டரில் மூன்று வாரம் படிக்க வேண்டிய அவசியங்கூட இல்லை. படம் எடுக்கத் துடிக்கிற இளைஞர்கள், பெரியவர்களிடம் போய் எந்த லென்ஸ் நல்லது என்று கேட்கிறார்கள். அதை எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். பெரியவரோடு ஒரு மாதம் கூடவே இருந்து, அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், யாரைப் பார்த்ததும் காமிராவைக் கீழே வைக்கிறார் என்று கவனிப்பது நல்லது. யாரைத் தாண்டிப் போய்விடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். குரு தாண்டிப் போன அந்த மனிதரிடம் திரும்பி வந்து நிற்பதுதான் சிஷ்யன் கொடுக்க வேண்டிய தட்சிணை.