ஆண்டுக்கொரு குழந்தை

ஊரைச் சுற்றிக் காடு. காட்டிலே சூனியக்காரி. ஆண்டுக்கொரு பச்சிளங் குழந்தையை அவளுக்குப் படைக்காவிடில் ஊர் அழியும் என்றொரு கட்டுக்கதை. அதைக் கட்டிக்காக்க மூத்தோர் குழு. அமெரிக்க எழுத்தாளர் கெல்லி பார்ன்ஹில் 2016-இல் வெளியிட்டு, 2017-இல் நியூபெரி பதக்கம் பெற்ற ‘நிலவைக் குடித்த சிறுமி’ எனும் புதினம் இங்கேதான் தொடங்குகிறது. மாயமும் மந்திரமும் மலிந்த ஏட்டை நாம் ஏன் புரட்ட வேண்டும் என்பீர்கள். புரட்டுங்கள் தோழர்களே! புரட்டர்களின் தொழில் நுணுக்கத்தை இத்துணைத் தெளிவாகச் சிறுவர்க்குச் சொன்ன கதைகள் அரிது.

மூத்தோர் தலைவன் கெர்லாண்டுக்குச் சூனியக்காரி மீது எள்ளளவும் நம்பிக்கை இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் அங்கி தரித்து, ஊர்வலம் நடத்தி, தாயின் மடியிலிருந்து சேயைப் பறித்துக் காட்டிலே கிடத்தி வருகிறான். அஞ்சிய மக்களை ஆள்வது எளிதல்லவா? ஒரு தாய் மறுக்கிறாள். குழந்தையை அணைத்தபடி வீட்டு உத்தரத்தில் ஏறிவிடுகிறாள். அவளுக்குக் கிடைத்த பட்டம் பைத்தியக்காரி. பரிசு கோபுரச் சிறை.

அந்தக் காட்டிலோ உண்மையாகவே ஒரு சூனியக்காரி உண்டு. சான் என்னும் அந்த நல்ல கிழவி, எறியப்பட்ட குழந்தைகளை ஏந்திச் சென்று வேற்றூர்களில் வாழ வைக்கிறாள். ஏன் எறிகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியாது. இந்தக் கொடுமை பொறாது மூத்தோர் குழுவை விட்டு விலகித் தச்சனான இளைஞன் ஆன்டெய்ன், தன் குழந்தையின் முறை வந்ததும் என்ன செய்கிறான்? மாமன் கெர்லாண்டை மடக்கிக் கேட்டானில்லை. சூனியக்காரியைக் கொல்லக் காடு புகுகிறான்! குழந்தைகளைக் காத்த ஒரே உயிரைக் கொல்லப் புறப்பட்டவன் கொடியவனல்லன், நல்லவன். அவனுக்கு இரக்கம் இருந்தது, ஐயம் பிறக்கவில்லை. நூலின் உயிர்நிலை இது என்பேன்.

கிழவி வளர்த்த சிறுமி லூனாவின் செவியில் ‘மந்திரம்’ என்ற சொல்லே ஏறாதபடி கிழவி கட்டிவைப்பதும் அன்பினால்தான். அறியாமையை அரணென எண்ணும் அன்பு! பள்ளி ஆசிரியனான எனக்கு அந்தப் பக்கங்கள் உறுத்தின.

குறை ஒன்று உண்டு. மக்களின் துயரத்தையே உணவாக்கி வாழும் இக்னேஷியா என்ற மாயப் பிறவியை ஆசிரியர் பின்னர் நுழைக்கிறார். நுழைந்ததும் கெர்லாண்டு எனும் மனிதனின் குற்றம் மங்கி, பழி பூதத்தின் தலையில் விழுகிறது. அங்கியும் அதிகாரமும் போதாவா, பூதம் எதற்கு? கோபுரத்தில் பயின்று அதைத் துறந்து வெளிவந்தவள் ஆன்டெய்னின் மனைவி எத்தின். அதே கோபுரத்தை எதிர்த்து எழுபவளும் அவளே. பூதத்துக்குத் தந்த பக்கங்களில் பாதியை அவளுக்குத் தந்திருக்கலாம்.