ஆயிரம் பிரதியும் ஒரு கட்டிலும்

கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரயில்வேயில் தாம்பரம் கார்ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டுக்குப் போனால் கட்டிலில் உட்கார முடியாது. அதாவது உட்காரலாம், காலைத் தொங்கப் போட முடியாது. கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் அவர் எழுதி, அவரே வெளியிட்ட கவிதைத் தொகுப்பு. ஆயிரம் அடித்தார். நான் கடைசியாக எண்ணியபோது 830 மிச்சம்.

இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் புத்தகத்துக்கு அணிந்துரை எழுதியவன் நான். இருபது பக்கம் படித்துவிட்டு எழுதினேன். 'இதயத்தைத் தொடும் வரிகள்' என்று எழுதியதாக ஞாபகம். எந்த இதயம், எந்த வரி என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் ரிட்டயர்மென்ட் பணத்திலிருந்து 1,10,000 ரூபாய் எடுத்து பிரஸ்ஸில் கட்டினார்.

கணக்கைப் பாருங்கள். பிரதிக்கு 110 ரூபாய் அடக்கம். 'விலை கம்மியா வெச்சாத்தான் சார் போகும்' என்று 150 வைத்தார். கடைக்காரர் 35 சதவீதம் கழிவு கேட்டார். (கேட்பது நியாயமே. அவருக்கும் வாடகை, கரன்ட் பில் உண்டு. சிலர் 40 கேட்பார்கள்.) ஆக அவர் கைக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. ஆயிரமும் விற்றிருந்தால்கூடப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு நஷ்டம். பிரஸ்ஸுக்குப் போகுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. ரயில் மோட்டாரில் மயிரிழை பிசகு வந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர் இதைப் போடவில்லை. புத்தகம் என்று வந்துவிட்டால் நமக்கெல்லாம் கணக்கு மறந்துவிடுகிறது.

வெளியீட்டு விழா குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கேசரி, போண்டா, காபி. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தன் பால்யத்தைப் பற்றிப் பேசினார். ஏழு பொன்னாடைகள். 120 பேர் வந்தார்கள். காசு கொடுத்து வாங்கியது ஒன்பது பேர். மற்றவர்கள் தாம்பூலப் பையில் போட்டுத் தருவார்கள் என்று காத்திருந்தார்கள். அவரும் கொடுத்தார்.

'தானே எழுதித் தானே வெளியிடுவது' கேவலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழில் அது ரொம்ப கௌரவமான பரம்பரை. அதில் ஒரு பெரிய மனிதரைத் தென் சென்னைக்காரர்கள் தினமும் தாண்டிப் போகிறோம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருக்கிற பாலத்துக்கு அவர் பெயர். செங்கல்பட்டு போகிற வழியில் ஒரு ஊருக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் அவர் பெயர். நடுவில் பல்லாவரத்தில்தான் அவர் வாழ்ந்தார். மறைமலை அடிகள்.

1898ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1911ல், தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமல் போனபோது வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்துக்கு வந்தார். (கல்லூரி பின்னாலேயே வந்தது என்று சொல்லலாம். 1937ல் அது தாம்பரத்துக்கு மாறியது.) சம்பளம் இல்லை. எழுத்தும் பேச்சும்தான். பல்லாவரத்திலேயே திருமுருகன் அச்சுக்கூடம் என்று சொந்தமாக வைத்து, தன் நூல்களைத் தானே அச்சிட்டார்.

அடிகளைத் தனித்தமிழுக்காக நினைக்கிறோம், சைவத்துக்காக நினைக்கிறோம். புத்தகம் விற்கத் தெரிந்தவர் என்று யாரும் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். அச்சகத்துக்கு வெகு முன்பே, 1902ல், 'ஞானசாகரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். (பிற்பாடு அதுவும் 'அறிவுக்கடல்' என்று தமிழாயிற்று.) அதாவது புத்தகம் வருமுன்பே அதை வாங்கக்கூடியவர்களின் விலாசம் அவர் மேஜையில் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இலங்கைக்கும் பலமுறை போனார். பேச்சைக் கேட்டு அசந்துபோனவன் புத்தகம் வாங்காமல் வீட்டுக்குப் போக மாட்டான். இன்றைக்கு இதையே 'ஆத்தர் பிராண்டிங்' என்று கோட்டு போட்ட இளைஞர்கள் ஓட்டலில் வைத்துக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள்.

இன்னொரு விஷயம். அவர் பட்டியலை ஒருமுறை பாருங்கள். முல்லைப்பாட்டு ஆராய்ச்சி, மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்று கனமான நூல்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது தெரியுமா? 'பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்.' 'யோகநித்திரை அல்லது அறிதுயில்.' 'மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி.' 'தொலைவிலுணர்தல்.' 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை.' இன்று தாம்பரம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கினாலும் நாலு பேர் எடுத்துப் புரட்டக்கூடிய தலைப்புகள். இவற்றை அவர் வியாபாரத்துக்காக எழுதினார் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே நம்பி எழுதினார். ஆனால் ஒரு கை சங்க இலக்கியத்திலும் இன்னொரு கை வாசகன் நாடியிலும் இருந்தது. நூறாண்டு வாழ வழி சொன்னவர் 1950ல் 74 வயதில் காலமானார் என்பதை வைத்து ஜோக் அடிக்கலாம். அவர் உழைத்த உழைப்புக்கு அந்த 74 நூறுக்குச் சமம்.

அவரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. சொந்த அச்சகம் இருந்தால் 'வேண்டாம்' என்று சொல்ல ஆள் இருக்க மாட்டான். பழைய நூல்களின் மறுபதிப்புகளில் வடசொற்களைத் தேடித் தேடி எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல் போட்டார். கொள்கை அவருடையது, உரிமையும் அவருடையது. ஆனால் முதல் பதிப்பின் வாக்கியங்களில் இருந்த ஓட்டம் சில இடங்களில் நொண்டுகிறது என்பது என் அபிப்பிராயம். ஒரு நல்ல எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஐயா, இந்த ஒரு சொல் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று கெஞ்சியிருப்பார். சொந்தமாகப் போடுபவர்களுக்கு அந்த ஆள் கிடைப்பதில்லை. அடிகளுக்கே கிடைக்கவில்லை என்றால் நமக்கு எப்படி?

பாரதியையும் சொல்லியாக வேண்டும். 1920ல் கடையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை விட்டார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகமாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி போடப்போவதாகவும், அதற்கு நண்பர்கள் வட்டிக்குக் கடன் தர வேண்டும் என்றும். மொத்தம் நாலு லட்சம் பிரதிகள்! தீப்பெட்டி, மண்ணெண்ணெயைவிட வேகமாக விற்கும் என்பது அவர் நம்பிக்கை. பணம் வரவில்லை. அடுத்த வருஷம் அவரும் இல்லை. சரக்கில் குறை சொல்ல உலகத்தில் யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் திட்டத்தில் 'யார், எந்த ஊரில், எந்தக் கடையில் விற்பார்' என்பது இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கு முன்னாலேயே உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் போட்டபோது வாங்குபவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். வீடு வீடாகப் போய் நின்றார். மகாகவிக்கு வராத காரியம் ஐயருக்கு வந்தது. கூச்சம் விட்டுப் போய்க் கேட்பதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

சரி, இன்றைக்கு நீங்கள் ஒரு புத்தகம் போடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் அடிக்காதீர்கள். ஐம்பது, நூறு என்று தேவைக்கு அச்சிட்டுத் தரும் டிஜிட்டல் அச்சகங்கள் சென்னையில் இருக்கின்றன. பிரதிக்கு அடக்கம் கூடத்தான் ஆகும். ஆனால் கட்டிலுக்கு அடியில் காற்று வரும். 'பணம் மட்டும் கட்டுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்பவரிடம், அந்த 'மத்தது' என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாகச் சில ஆயிரம் கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள். இந்தியாவில் அது இலவசம். எழுத்தாளரே மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் போகிறது. ஏற்றுவதற்குச் செலவில்லை என்பதால் அமெரிக்காவில் இருக்கும் மச்சினனுக்கும் ஒரு வழி பிறந்தது. தபாலில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: பழைய புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டு நாமெல்லாம் தலையில் கைவைத்தோம். 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது. தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய் என்று வைத்தார்கள். எந்த மாதிரிப் புத்தகம் செல்லும் என்று நிபந்தனை உண்டு, தபாலாபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். 200 ரூபாய் புத்தகத்தை 80 ரூபாய் கூரியரில் அனுப்புவதும் ஒரு வகை தற்கொலைதான்.

நூலக ஆர்டர் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் நூலகத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1954ம் வருஷச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் சொந்தச் செலவில் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் கன்னிமராவுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். (பம்பாயும் டெல்லியும்கூடப் பட்டியலில் உண்டு.) சொந்தமாகப் போடுகிற பலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தவர்களும் 'நாலு காப்பி வேஸ்ட்' என்கிறார்கள். அடிகள் சேர்த்த நூல்கள் இன்றைக்கு நமக்குப் படிக்கக் கிடைப்பதே அவை ஒரு நூலகமாகக் காப்பாற்றப்பட்டு இப்போது கன்னிமரா வளாகத்தில் இருப்பதால்தான். அவர் எழுதிய நூல்களைப் பிற்பாடு தொடர்ந்து அச்சில் வைத்திருந்தது அவர் அச்சகம் அல்ல, சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம். எத்தனை பெரிய ஆளானாலும் ஒரு கட்டத்தில் புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நண்பரிடம் திரும்புகிறேன். போன வருஷம் ஒரு மழை நாளில் அவர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். வேறு வேலையில்லாமல் அந்தக் கவிதைத் தொகுப்பை எடுத்து, முதல்முறையாக முழுசாகப் படித்தேன். நிலா வந்தது. அலை வந்தது. அம்மா வந்தாள். எல்லாருடைய நிலாவும், எல்லாருடைய அம்மாவும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது கடைசியில் 'பின்னிணைப்பு' என்று பதினான்கு பக்கம். உரைநடை. பக்கம் நிரப்பச் சேர்த்தாராம்.

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931லிருந்து ஓடிய மீட்டர்கேஜ் மின்சார ரயில், 2004ல் நின்றது. அந்த வண்டிகளை ராத்திரி கார்ஷெட்டில் எப்படிப் பழுது பார்த்தார்கள் என்று எழுதியிருந்தார். மழைக்காலத்தில் மோட்டாருக்குள் தண்ணீர் போனால் வரும் வாசனை. காலை முதல் வண்டி கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற பதற்றம். கடைசி வண்டி ஷெட்டுக்குள் வந்தபோது பெரிய ஃபிட்டர் ஒருவர் அதன் பக்கவாட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போனது. இதை உலகத்தில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அதைக் கொண்டுபோய் நிலாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அணிந்துரை எழுதிய மகானுபாவர் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை.

சொன்னேன். அணிந்துரை விஷயத்தையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்ப கவிதை நல்லா இல்லையா சார்?' என்றார். இல்லை என்றேன். அவர் வீட்டம்மா காபி டம்ளரை வைத்துவிட்டு, 'இதை அப்பவே சொல்லியிருந்தா கட்டிலுக்குக் கீழ பெருக்கியிருப்பேன்' என்றார். நியாயம்தான்.

மூன்று மாதம் என்னுடன் பேச்சு இல்லை. பிறகு ஒரு நாள் அவரே வந்தார். பதினான்கு பக்கம் 48 ஆகியிருந்தது. நூறு பிரதி, 60 ரூபாய் விலை. விழா கிடையாது, பொன்னாடை கிடையாது. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் பென்ஷன் வேலையாகக் கூடும் இடத்துக்கு ஒரு மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போனார். முதல் நாளே 31 போனது. அதில் வந்த பெயர் ஒன்றிரண்டு தப்பு என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். இப்போது இரண்டாவது நூறுக்குத் தயாராகிறார்.

'அணிந்துரை வேண்டாம் சார். படிச்சுட்டு தப்பு இருந்தா மட்டும் சொல்லுங்க' என்று ப்ரூஃபைக் கொடுத்தார். இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். பத்தொன்பது தப்பு. பென்சிலில் குறித்துக் கொடுத்தேன். பதினெட்டை ஏற்றுக்கொண்டார். 'பேன்ட்டோ' என்று எழுதியிருந்த இடத்தில் நான் 'மின்னிணைப்புச் சட்டம்' என்று போட்டிருந்தேன். அதை மட்டும் அழி ரப்பரால் அழித்துவிட்டு, 'ஷெட்ல யாருக்கும் புரியாது சார்' என்றார்.