சாட்சிகளை எண்ணுவதா, நிறுப்பதா?
(பவால் சந்நியாசி வழக்கு பற்றிய ஒரு நூலை முன்வைத்து)

வேலணை வங்களாவடிச் சந்தியில் வாப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. பின்னால் கொஞ்சம் காணியும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் போல நாங்களும் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனோம். காணி உறுதி அதோடு தொலைந்தது. யுத்தம் முடிந்து திரும்பியபோது ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள்: “நீங்கள் அவருடைய மகன்தான் என்பதற்கு ஊரில் யார் சாட்சி?”

அந்தக் கேள்வி மனதில் கிடந்த நாட்களில்தான் பார்த்தா சட்டர்ஜியின் ‘எ பிரின்ஸ்லி இம்போஸ்டர்?’ (2002) என்ற ஆங்கில நூலை வாசித்தேன்.

டாக்காவுக்கு அருகிலுள்ள பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண் ராய் 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் இறந்தார், தகனமும் நடந்தது என்றார்கள். 1921இல் சாம்பல் பூசிய ஒரு சந்நியாசி, தானே அந்தக் குமாரர் என்றார். சகோதரி ஜோதிர்மயி ஏற்றார்; மனைவி பிபாபதி மறுத்தார்; அரசு ‘போலி’ என்று அறிவித்தது. 1936இல் நீதிபதி பன்னாலால் பாசு அவரே குமாரர் என்று தீர்ப்பளித்தார். 1940இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் மூவரில் இருவர் அதை ஏற்றனர், லாட்ஜ் மறுத்தார். 1946 ஜூலை 30இல் பிரிவி கவுன்சிலும் வாதிக்கே சாதகமாகச் சொன்னது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

வாதிக்காக 1,000 பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். எதிர்த்தரப்பில் 500க்குச் சற்றுக் குறைவு. சட்டர்ஜி இதை வெறும் அதிசயக் கதையாக்காமல், யார் எந்த இடத்தில் நின்று பேசினார் என்று காட்டுகிறார். தேசிய உணர்வு வளர்ந்த காலத்தில் இந்திய நீதிபதிகளின் மனம் எப்படி இருந்திருக்கும் என்றும் ஆராய்கிறார். அது நூலின் பலம். ஆனால் ஒருவர் ஏன் நம்பினார் என்பது வேறு, அவர் நம்பியது உண்மையா என்பது வேறு. தலைப்பிலுள்ள கேள்விக்குறி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுகிறது.

நமது ஹதீஸ் கலை அறிஞர்கள் தலையை மட்டும் எண்ணவில்லை. அறிவிப்பாளரின் நினைவாற்றல், நேர்மை, சார்பு எல்லாவற்றையும் பார்த்தார்கள். அந்தத் தராசை இங்கே வைத்துப் பார்த்தேன். குடியானவர்களுக்குத் திரும்பி வந்த எசமான் வேண்டும். ஜமீனை நிர்வகித்த அதிகாரிகளுக்குத் தங்கள் அறிவிப்பு பொய்க்கக்கூடாது. மனைவியின் விவகாரங்களைப் பார்த்த அண்ணன் சத்தியேந்திரநாத்துக்கும் இழப்பு உண்டு. ஊரெல்லாம் கதை பரவிய பிறகு வந்து பார்த்தவர், எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்தே பார்த்தார்.

எனவே பிணக்குக்கு முந்திய எழுத்துக்குத்தான் எடை அதிகம். ஆயுள் காப்புறுதிக்காகக் குமாரரைப் பரிசோதித்த பழைய மருத்துவ அறிக்கையில் இடது கணுக்காலில் ஒரு தழும்பு குறிக்கப்பட்டிருந்தது. வாதியின் காலிலும் அது இருந்தது. அறிக்கை எழுதியவருக்குப் பொய் சொல்ல ஒரு தேவையும் இருக்கவில்லை. ஆனால் மறுபக்கத்திலும் ஓர் எழுத்து உண்டு: டார்ஜிலிங் சிவில் சர்ஜன் கல்வெர்ட் கொடுத்த மரணச் சான்றிதழ். அதனால் வாதியின் பக்கத்தை ‘ஹஸன்’ என்பேன். ‘ஸஹீஹ்’ என்று சொல்லத் துணிய மாட்டேன்.

எனக்காக ஊரில் பலர் பேசினார்கள். நான் பெரிதாக மதித்தது ஒரு வயோதிபரின் சொல்லைத்தான். கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் காணியில் பல வருடமாகப் புகையிலை செய்தவர் அவர். “இது உங்கட வாப்பான்ர காணிதான் தம்பி. சும்மா கிடக்குதெண்டு நான் வச்சனான்” என்று அதிகாரிக்கு முன்னாலேயே சொன்னார். அந்தச் சொல்லால் அவருக்கு நட்டம்தான்.

தனக்கே பாதகமானாலும் சாட்சியத்தை நேராகச் சொல்லும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பவால் வழக்கில் கூண்டேறிய அத்தனை பேரில், சொன்ன சொல்லால் நட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களைத் தனியே பிரித்தெடுத்துக் கேட்டிருந்தால், சட்டர்ஜியின் கேள்விக்குறி கொஞ்சமாவது சிறுத்திருக்கும்.