இசையில் மரபும் முற்போக்கும்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை முன்வைத்துச் சில சிந்தனைகள்

‘முற்போக்கு’ என்னுஞ் சொல் ஈழத்துத் தமிழ் இலக்கிய உலகிலே திட்டவட்டமான பொருளொன்றைப் பெற்றுப் பல தசாப்தங்கள் கழிந்துவிட்டன. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது முதலாக, அச்சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவில் எழுவது உள்ளடக்கமே: எழுத்தாளன் எவர் பக்கம் நிற்கிறான் என்ற வினாவே. ஆனால் அமெரிக்க இசையுலகில் ‘முற்போக்குப் புளூகிராஸ்’ என ஒரு வகை வழங்குகிறது. அங்கு அச்சொல் குறிப்பது அரசியலை அன்று. பழைய நாட்டார் இசைக்கருவிகளோடு மின்கிற்றாரையும் முரசுத் தொகுதியையும் சேர்ப்பது, ஜாஸ், ராக் முதலியவற்றின் சுரக்கோவைகளை இணைப்பது ஆகியனவே அங்கு முற்போக்கு எனப்படும். ஒரே சொல் ஓரிடத்தில் உள்ளடக்கத்தையும் பிறிதோரிடத்தில் உருவத்தையும் சுட்டுவது வெறும் சொல்விபத்து எனக் கொள்வதற்கில்லை. உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்கும் உள்ள உறவைப் பற்றி நம்மிடையே நிகழ்ந்த நீண்ட விவாதத்தில் தொடாது விடப்பட்ட ஒரு மூலையை அது வெளிச்சமிட்டுக் காட்டுகிறது.

புளூகிராஸ் நம் வாசகர் பலருக்குப் பழக்கமற்றது. அப்பலாச்சிய மலைப்பிரதேசத்து உழவரும் சுரங்கத் தொழிலாளரும் பாடிய பாடல்களிலிருந்து உருவானது அது. மண்டலின், பிடில், ஐந்து தந்தி பாஞ்சோ, கிற்றார், பெரிய பேஸ் வாத்தியம் ஆகியன கொண்டு, மிகு வேகத்திலும் உச்சத் தொனியிலும் பாடப்படுவது. அமெரிக்கர் பலர் அதனைத் தொன்மையான மலைநாட்டு இசை என்றே கருதுவர். வரலாறோ வேறு. பில் மன்றோ தமது குழுவுடன் நாஷ்வில் வானொலியின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ நிகழ்ச்சியில் சேர்ந்தது 1939இல். மூன்று விரல்களால் பாஞ்சோவை மீட்டும் முறையோடு ஏர்ல் ஸ்க்றக்ஸ் அக்குழுவில் இணைந்தது 1945இல். மலைகளை விட்டு டெட்ரோயிட், சின்சினாட்டி முதலிய நகர்களின் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்த உழைப்பாளர், தாம் இழந்த ஊரை வானொலியில் கேட்ட காலம் அது. ஆகவே, தொன்மை எனப்படுவது ஒலிவாங்கியும் வானொலியும் தொழிற்சாலையும் சேர்ந்து பெற்றெடுத்த ஒரு நவீனப் படைப்பே. 1971இல் கென்டக்கியில் ‘நியூ கிராஸ் றிவைவல்’ என்ற இளைஞர் குழு தோன்றி அவ்விசையை மேலும் மாற்றியபோது மரபின் தூய்மை கெட்டதென்று முறையிட்டோர், தாம் காக்க முனைந்த மரபின் வயது முப்பது ஆண்டு மட்டுமே என்பதை மறந்தனர்.

இதனினும் முக்கியமான இன்னொன்றுண்டு. பாஞ்சோ மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் கருவி. மன்றோவே தமக்கு இளமையில் வழிகாட்டியவராகக் குறிப்பிட்டவர் ஆர்னல்ட் ஷல்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். அவர் 1931இல் இறந்தார். அவருடைய வாசிப்பு ஓர் இசைத்தட்டிலேனும் பதிவாகவில்லை. வெள்ளையரின் மலையிசை என்று விற்கப்பட்டதன் அடியில் ஒலியற்றுப் புதைந்து கிடப்பது அவருடைய கை. இதனை மனங்கொண்டு நம்மவர்பால் திரும்புவோம்.

தமிழில் இதற்கு ஒப்பவைத்து நோக்கத்தக்க முயற்சி சென்னையிலே தோன்றியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 சனவரி 6ஆம் திகதி கீழ்ப்பாக்கத்தில் தன் முதலாவது அரங்கை நிகழ்த்திற்று. பத்தொன்பது பேர் கொண்ட குழு அது. அவருட் பெரும்பாலானோர் வடசென்னைக் கானாப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஆவர். பறை, சட்டி, டோலக் ஆகியவற்றோடு மின்கிற்றாரும் மேலைத்தேய முரசும் சொல்லிசையும் அங்கு சேர்ந்தன. ‘சாதி பேதமற்ற’ என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய தொடரிலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. அரங்கேறிய நாளும் கவனத்திற்குரியது. சனவரி 6 மார்கழிக்குள் விழும் நாள். சென்னைச் சபாக்களில் கருநாடக இசை கொழிக்கும் பருவத்தில், அச்சபாக்களின் வாயிலைக்கூடக் கண்டிராதோர் வேறொரு மேடையை எழுப்பினர். 2020 முதல் நீலம் நடத்தத் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ இத்தொடக்கத்தின் தருக்கரீதியான வளர்ச்சியே.

கானா என்பது யாது? வடசென்னையின் துறைமுகத் தொழிலாளர், கைவண்டிக்காரர், குடிசைவாழ் மக்கள் ஆகியோரின் பாட்டு. இழவு வீட்டில் இரவு முழுவதும் பிணத்தின் அருகே பாடப்படுவது அதன் முக்கிய நிலைகளுள் ஒன்று. இறந்தவனின் பெருமையும் வாழ்க்கையின் நிலையாமையும் பொலிஸ்காரன் மீதான எள்ளலும் ஒரே மூச்சில் வந்து விழும். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தம் இறுதிக்காலத்தைக் கழித்த தண்டையார்பேட்டைப் பகுதியே கானாவின் பிறப்பிடங்களுள் ஒன்று என்பதும், கானாப் பாடகர் சிலர் அவரைத் தம் மூத்தோராகக் கொள்வர் என்பதும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து வாசகருக்குச் சுவையாயிருக்கும். குணங்குடியாரை நாம் ஞானியாகப் படித்தோம். அங்கு அவர் சேரிப் பாடகனின் முன்னோனாகவும் விளங்குகிறார். கானாவின் மெட்டுக்களிற் பல திரைப்பாடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. டோலக்கோ வடநாட்டிலிருந்து வந்தது. ‘தூய’ கானா என ஒன்று எக்காலத்தும் இருந்ததில்லை. புளூகிராஸைப் போலவே அதுவும் நகரம் உண்டாக்கிய மரபு. உழைக்கும் மக்கள் தம் கைக்கு எட்டியவற்றைக் கொண்டு கட்டிக்கொண்ட, நேற்றைய நவீனம்.

ஆதலால் இக்குழுவினர் ‘மரபையும் நவீனத்தையும் கலந்தனர்’ என்று பத்திரிகைகள் எழுதியது மேலோட்டமான கூற்று. கலத்தல் என்பது ஏலவே நிகழ்ந்திருந்தது. இவர்கள் செய்த புதுமை, பாட்டின் நிலைக்களனை மாற்றியதே. 1990களில் தேவா போன்ற இசையமைப்பாளர் வாயிலாகத் திரைப்படம் கானாவை ஏற்றுக்கொண்டபோது, அது குடிகாரனின் பாட்டாகவும் கதாநாயகன் ஆடுதற்குரிய பாட்டாகவும் சுருங்கிற்று. துக்கமும் எள்ளலும் வடிகட்டப்பட்டன. கலெக்டிவ் குழுவினரோ இட ஒதுக்கீட்டைப் பழிப்போருக்கு விடை கூறினர், மாட்டிறைச்சி உண்பதன் உரிமையைப் பாடினர், அம்பேத்கரைப் பாடினர். பெண்கள் அரிதாகவே நுழைந்த கானா மேடையில் இசைவாணி நின்று பாடினார். 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

பறையின் நிலை இன்னும் சிக்கலானது. சாதிக் கடமையாகத் தம்மீது சுமத்தப்பட்ட பறையை இனித் தொடோம் என்று கைவிட்டோர் தமிழ்நாட்டிலும் உளர், ஈழத்திலும் உளர். அவர்களது மறுப்பு பிற்போக்கானது என்று எவரும் கூறத் துணியார். அதே பறையை மின்னொலிபெருக்கியின் முன் நிறுத்தி, கூலிக்கும் சடங்குக்கும் அன்றித் தம் விருப்பிற்காக அடிப்பதும் மறுப்பின் இன்னொரு வடிவமே. கருவியில் இழிவு இல்லை. அதை அடிப்பித்த உறவில் இருந்தது. உறவு மாறுமிடத்து ஒலியின் பொருளும் மாறுகிறது. இதனை நாம் ஓரளவு முன்பே அறிவோம். 1960களில் பேராதனையில் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். மௌனகுருவின் ‘சங்காரம்’ அதே வடமோடி ஆட்டத்தில் சாதியையும் வர்க்கத்தையும் அரக்கராக்கி வீழ்த்தியது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. அங்கு கற்றோர் மக்கள் வடிவத்தை எடுத்தாண்டனர். சென்னையில் அவ்வடிவத்தின் உரிமையாளரே மேடையேறினர்.

குறைகளையும் கூறவேண்டும். பாடல்கள் சிலவற்றில் முழக்கம் பாட்டை விழுங்கிவிடுகிறது. மேலைத்தேய முரசின் நான்கு அடி ஒழுங்குக்குள் சட்டியின் தாளத்தை அடக்குமிடத்து, கானாவின் உயிரான அந்த இழுபறி, பாடகன் நினைத்த இடத்தில் நின்று நினைத்த இடத்தில் பாயும் சுதந்திரம், மங்கிப்போகிறது. இழவு வீட்டுப் பாடகனுக்குக் கடிகாரம் இல்லை. மேடைக்கோ நேரக்கணக்கு உண்டு. இது ரசனை பற்றிய குறைபாடு மட்டுமன்று. உற்பத்திச் சூழல் உருவத்தின்மீது இடும் கட்டளை அது.

இவ்விடத்தில் நம் திறனாய்வு தன்னையே நோக்கி ஒரு கேள்வி கேட்கக் கடமைப்பட்டுள்ளது. 1960களின் தொடக்கத்து மரபுப் போராட்டத்தில், பேச்சுவழக்கை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் ஒதுக்கியபோது முற்போக்காளர் அதனை எதிர்த்து வென்றனர். மொழியில் அவ்வெற்றியைப் பெற்ற நாம் இசையில் அவ்வாறு செய்தோமா? கானாவை, பைலாவை, றபான் பாட்டை வர்க்க நோக்கில் ஆராய்ந்த கட்டுரைகள் எத்தனை? மேலும், சாதியைப் பொருளாதார அடித்தளத்தின் மங்கலான நிழலாக மாத்திரம் கண்ட நம் பழைய சூத்திரம் இக்குழுவினரின் முன் நிற்கமாட்டாது. அவர்கள் அம்பேத்கரியர், மார்க்சியர் என்று தம்மை அழைத்துக்கொள்பவர் அல்லர். அதனாலேயே அவர்களை அடையாள அரசியல் என்று ஒதுக்கும் மார்க்சிய விமர்சகன் பண்டிதரின் இருக்கையில் தான் அமர்ந்திருப்பதை உணரவில்லை.

எனினும் மார்க்சியத்துக்கு இங்கு வேலையில்லை என்று கொள்வதும் தவறு. அறிவு என்ற பாடகரின் அனுபவம் அதற்குச் சான்று. கலெக்டிவ் குழுவில் பாடிய அவர், தீ என்பவருடன் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 2021 மார்ச்சு 7ஆம் திகதி வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகெங்கும் கோடிக்கணக்கில் கேட்கப்பட்டது. அப்பாடலின் வேர் இலங்கையிலே இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பின்னர் தமிழகம் திரும்பியவர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் தீர்மானிப்பதற்கென ஒத்திவைக்கப்பட்டது. உழைத்து உருவாக்கிய நிலத்தில் உழைத்தவருக்கு உரிமையில்லை என்ற அந்த வரலாறே பாட்டாகியது.

பின்னர் நிகழ்ந்தது யாது? 2021 ஆகஸ்டில் றோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அப்பாடலைக் கொண்டாடியபோது அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் முதலானோர் கண்டித்தனர். 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அப்பாடல் அறிவின்றிப் பாடப்பட்டது. அதையொட்டிப் பாடலை ஆக்கியது யார் என்பது பகிரங்கப் பிணக்காயிற்று. 2024இல் சந்தோஷ் நாராயணனே, பாடலின் மூலம் தமக்கோ பாடகர்களுக்கோ வருமானம் எதுவும் வந்துசேரவில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். பிணக்கில் எவர் கூற்று சரியென்று தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. நிலத்தை இழந்தோரைப் பற்றிய பாட்டே உடைமைத் தகராறின் பொருளாகியது என்பதே நாம் காணவேண்டியது. ஷல்ஸுக்கு இசைத்தட்டே கிடைக்கவில்லை. அறிவுக்குப் பதிவு கிடைத்தது. பெயரும் ஓரளவு கிடைத்தது. பாட்டின் மீதான அதிகாரம் மட்டும் கேள்விக்குறியாகவே நின்றது. எண்பது, தொண்ணூறு ஆண்டு இடைவெளியில் முதலாளித்துவம் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது.

கல்முனையிலிருந்து இதனை எழுதும்போது நம் கரையோரத்துக் கவிகளை நினையாதிருக்க இயலாது. நாலடியில் அமைந்த அப்பாடல்கள் வயலிலும் களவெட்டியிலும் பிறந்தவை. போடியாரின் நிலத்தில் வயற்காரன் காவலிருந்த இரவுகளிலும், அவனுக்காக வீட்டில் காத்திருந்தவளின் மனத்திலும் தோன்றியவை. வாத்தியம் எதுவும் வேண்டாத, தனிக்குரலின் இசை அது. கல்லோயாத் திட்டம் வந்து, உழவுயந்திரம் வந்து, எருமை மிதித்த சூடு மறைந்தபோது கவிக்கு வேலை இல்லாமற்போயிற்று. சீர்திருத்த நோக்குடைய சமய இயக்கங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் ஐயத்தோடு நோக்கியமையும் ஒரு காரணமே. ஆயின் அதனை மட்டும் காரணமாக்குவோர், பாட்டு உழைப்பிலிருந்து பிறந்தது என்பதை மறப்பவர். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கவிகளைத் தேடித் தொகுத்தமையால் சொற்களேனும் எஞ்சின. மெட்டு எஞ்சியது மிகக் குறைவு.

இன்று எம் பகுதி இளைஞர் சிலர் கவியை கிற்றாரோடு பாடிப் பார்க்கலாமா என்று கேட்பதுண்டு. தாராளமாகப் பாடலாம். தூய்மை கெடும் என்ற அச்சம் வீண் என்பதை மேலே கூறியவை காட்டும். ஆனால் கவிக்கும் கானாவுக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கானாவைப் பிறப்பித்த இழவு வீடும் சேரியும் இன்னும் உள்ளன. கவியைப் பிறப்பித்த களவெட்டி இல்லை. அதனைப் பாடும் இளைஞனுக்கு அது வாழ்வின் மொழியாக அன்றி, நூலிற் படித்த மொழியாகவே வந்துசேர்கிறது. அவன் தன் காலத்து உழைப்பை, மத்திய கிழக்குக்குப் போன தாயை, கூலிக்கு அறுவடை இயந்திரம் ஓட்டும் தமையனைக் கவியின் அடிக்குள் கொணர்வானாயின் அங்கு ஏதேனும் பிறக்கலாம். பழைய காதற்கவிக்குப் புதிய பின்னணி இசை மட்டும் சேர்ப்பானாயின் உல்லாச விடுதிக்குப் பொருத்தமான ஒரு பண்டமே கிடைக்கும்.

சில ஆண்டுகளின் முன் என் மூத்தம்மாவிடம் கவி சொல்லுமாறு கேட்டு, கைத்தொலைபேசியில் பதிவுசெய்ய முயன்றேன். மறந்துபோச்சு என்றார். பிறகு பீங்கான் கழுவிக்கொண்டிருந்தபோது தாமாகவே இரண்டு கவி பாடினார். நான் தொலைபேசியை எடுத்ததும் நிறுத்திவிட்டார். “இத ஆருக்கு மனே போட்டுக் காட்டப் போறாய்?” என்று கேட்டார். நாட்டார் இசை பற்றி ஆய்வுப்பட்டம் பெற்றிருந்த எனக்கு அப்போது உடனே சொல்ல விடை இருக்கவில்லை.